எட்டுக் கையெழுத்தும் ஒரு கைநாட்டும்

வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது தையல்காரி வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், துவைத்துக் காய்ந்து வந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கியவனும் தம்பிதான், பிரித்தவனும் தம்பிதான். இரண்டு தடவை படித்தும் விளங்காமல், அவள் வந்து செருப்பைக் கழற்றும் வரை அதைக் கையிலேயே வைத்திருந்தான்.

"அக்கா, போன வருஷம் நீ பெரிய பணக்காரியா இருந்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றான்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். ஆனால் குரல் சிரிக்கவில்லை. அவன் மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: சென்ற ஆண்டு இன்னின்ன தொகை கூலி வருமானமாக உங்களுக்கு வந்திருக்கிறது. அதற்கு உண்டான வரியை நீங்கள் கட்டவில்லை. அறுபது நாளைக்குள் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் சொத்து முடக்கப்படும்.

சொத்து என்றால் அவர்கள் நின்றுகொண்டிருந்த இந்த இரண்டு அறை வீடுதான். நஷ்டஈட்டுப் பணத்தில் வாங்கியது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை, சுவரில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை.

அந்த நஷ்டஈடு எப்படி வந்தது என்பது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அக்கா வெளியூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தாள், கணக்கு முடித்துக் கொடுத்தார்கள் என்று தம்பி சொல்லி வைத்திருந்தான். அவளும் அதை மறுத்ததில்லை. உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது.

உண்மை இது. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தம்பிக்குப் பத்து. தையல் கம்பெனியில் இரண்டு வருஷ ஒப்பந்தம், தங்க இடம், சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம் வீட்டுக்கே வந்துவிடும் என்று தெரிந்த ஒருத்தி சொன்னாள். அப்பாவின் வைத்தியத்துக்கு என்று முன்பணமும் கொடுத்தாள். கம்பெனி என்று போய் இறங்கிய இடம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரண வீடு. முன்னால் பூந்தொட்டிகள் இருந்தன. பின்பக்க அறையில் ஒன்பது மெஷின்கள், ஜன்னல் கண்ணாடிகளுக்கு உள்பக்கமாகக் கறுப்புப் பெயின்ட். அடையாள அட்டையை 'பத்திரமாக' வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஏழு வருஷமானது. ஒரு மாதச் சம்பளம்கூட வீட்டுக்குப் போகவில்லை. அப்பா இரண்டாம் வருஷமே போய்விட்டார் என்பதை ஏழாம் வருஷ முடிவில்தான் தெரிந்துகொண்டாள்.

அவளும் கூட இருந்த பெண்களும் தப்பித்தது யாருடைய வீரத்தாலும் இல்லை. மின்சார மீட்டர் பார்க்க வந்த புது ஆள், ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு கரண்டா என்று சந்தேகப்பட்டு மேலே எழுதிப் போட்டான். ஏதோ திருட்டுத் தொழிற்சாலை என்று நினைத்து வந்தவர்கள் கதவைத் திறந்தபோது, உள்ளே எட்டுப் பெண்கள் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. அது சுருட்டையின் மெஷின். சுருள் சுருளான முடி என்பதால் அவர்களுக்குள் அவளுக்கு அந்தப் பெயர். போலீஸ் வருவதற்கு ஐந்து மாதம் முன்பு காய்ச்சலில் கிடந்து, மருந்து இல்லாமல், அந்த அறையிலேயே செத்துப்போனாள்.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. அவர்களை அடைத்து வைத்திருந்த வீட்டுக்காரி ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. உள்ளே இருந்தபோது அவளை 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது கட்டளை. கோர்ட்டிலும் அதையே பிடித்துக்கொண்டாள். "பெத்த பிள்ளைங்க மாதிரி வச்சிருந்தேன். சோறு போட்டேன், தொழில் கத்துக் குடுத்தேன். பெத்தவ பிள்ளைக்குக் கூலி குடுப்பாளா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வக்கீலும் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னார். அது வேலையே அல்ல, பொழுதுபோகத் தைத்தார்கள் என்றார்.

அவளைக் கவிழ்த்தது சீட்டுகள்தான். பன்னிரண்டு சட்டைக்கு ஒரு மூட்டை. ஒவ்வொரு மூட்டையிலும் தைத்தவளின் மெஷின் நம்பர் எழுதிய ஒரு சீட்டு. தையல் பிசகினால் யாரை அடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. கஞ்சத்தனமோ கவனமோ, வீட்டுக்காரி ஒரு சீட்டையும் எறியவில்லை. பரணிலிருந்து ஆறு சாக்கு கிடைத்தது. நான்காம் மெஷின்காரியான தையல்காரி இரண்டு நாள் கூண்டில் நின்று, இந்த எழுத்து யாருடையது, இந்தக் கோடு எதற்கு, இந்தச் சிவப்புச் சுழி வந்தால் அன்றைக்கு என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தீர்ப்பு வாசித்த நாளில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவர்கள் உழைத்திருக்கிறார்கள், உழைப்புக்குத் தர வேண்டியதற்குக் கூலி என்று பெயர், அது பாக்கி இருக்கிறது என்றார்.

வீட்டுக்காரிக்குப் பதினான்கு வருஷம் கிடைத்தது. அந்த வீட்டை விற்றுப் பணத்தைப் பிரித்தார்கள். பட்ட துன்பத்துக்கு ஒரு தொகை, கூலி பாக்கி ஒரு தொகை என்று இரண்டு வரியாகத் தீர்ப்பில் எழுதியிருந்தது. தையல்காரிக்கு முதல் வரி பெரிதாகப் படவில்லை. பட்டதற்கு யாரால் விலை போட முடியும்? இரண்டாவது வரியைத்தான் பேருந்தில் வீடு திரும்பும்போது தாளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். கூலி. ஏழு வருஷமும் வீணாகக் கிடந்தவள் இல்லை, வேலை செய்தவள் என்று அதில் இருந்தது.

இப்போது வரி கேட்டு வந்திருப்பது அந்த இரண்டாவது வரிக்குத்தான்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனாள். செருப்புக் கடைக்கு மேலே இருந்தது அலுவலகம். வழக்கு நடந்த மூன்று வருஷமும் காசு வாங்காமல் அலைந்தவர் வக்கீலம்மா. அதனாலேயே அவரிடம் இன்னொரு வேலையோடு போய் நிற்கத் தையல்காரிக்குக் கூச்சமாக இருந்தது. போனால், அங்கே வாயாடி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் மெஷின்காரி, ஏழு வருஷமும் இவளுக்குப் பக்கத்து இருக்கை. அவள் கையிலும் அதே மாதிரி ஒரு கடிதம்.

"வா, வா, பணக்காரி" என்றாள் வாயாடி. "கூலி குடுக்காதவ ஜெயில்ல உக்காந்து அரசாங்கச் சோறு சாப்பிடுறா. அந்தக் கூலிக்கு வரி கட்டலன்னு நம்மள உள்ள தூக்கிப் போடப் போறாங்களாம். ஒருவேளை அவ பக்கத்து ரூமே கிடைக்கும். மறுபடி அம்மான்னு கூப்பிடலாம்."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சுருட்டையோட அம்மாவையும் சேத்து ஒன்பது பேருக்கும் வந்திருக்கு" என்றார். "ஆள் கடத்தல்ல பாதிக்கப்பட்டவங்களுக்குக் குடுக்குற நஷ்டஈட்டுக்கு வரி இல்லன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே சட்டம் வந்தாச்சு. ஆனா அந்தச் சட்டத்துல கூலின்னு ஒரு வார்த்தை இல்ல. கூலிக்கு எப்பவும் வரி உண்டு. அதுலயும் பாருங்க, ஏழு வருஷத்துக் கூலி ஒரே வருஷத்துல கைக்கு வந்ததால, பெரிய சம்பளக்காரங்களுக்குப் போடுற வரியைப் போட்டிருக்காங்க."

"அவ மாசாமாசம் குடுத்திருந்தா?" என்று கேட்டாள் தையல்காரி.

"அந்தச் சம்பளத்துக்கு வரியே வந்திருக்காது."

கீழே செருப்புக் கடையில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மனுப் போடலாம், நிவாரணம் கேட்கலாம், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அதிகாரியை நேரில் பார்க்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. தீர்ப்பு ஒன்று என்பதால் ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே கோப்பு. எல்லோர் சார்பிலும் யாராவது ஒருத்தி கூட வந்தால் நல்லது. வாயாடி உடனே தையல்காரியைக் கை காட்டினாள். "இவதான் கூண்டுல ரெண்டு நாள் நின்னவ. எனக்கு வாய்தான் இருக்கு, இவளுக்கு விஷயம் இருக்கு."

வரி அலுவலகம் ஐந்து மாடிக் கட்டடம். டோக்கன் வாங்கிக்கொண்டு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி, தையல்காரி படிவத்தை நிரப்பினாள். வேலை கொடுத்தவர் பெயர். வேலையின் தன்மை. சேர்ந்த நாள். விலகிய நாள். விலகியதற்கான காரணம். இந்தக் கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. வெகுநேரம் யோசித்துவிட்டு, 'போலீஸ் வந்தது' என்று எழுதினாள். வக்கீலம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அதை அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லலாமா என்று நினைத்து, பிறகு விட்டுவிட்டார்.

அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர். மேசைமேல் ஒரு வெந்நீர் பிளாஸ்க், இரண்டு வித மாத்திரை டப்பா. மரியாதையாகவே பேசினார். உட்காரச் சொன்னார். தீர்ப்பை முழுவதும் படித்திருந்தார். அது தையல்காரிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அம்மா, உங்களுக்கு நடந்ததுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல" என்றார். "நஷ்டஈட்டுக்கு வரி இல்ல, அது ஒரு சட்டம். கூலிக்கு வரி உண்டு, அது ஒரு சட்டம். உங்க தீர்ப்புல ரெண்டும் இருக்கு. நான் எதைப் பிடிக்கிறது? நீங்களே சொல்லுங்க, நீங்க அங்க வேலைக்கு இருந்தீங்களா, இல்ல அடைச்சு வச்சிருந்தாங்களா?"

"அடைச்சு வச்சு வேலை வாங்கினாங்க சார்."

"அப்படி ஒரு கட்டம் எங்க படிவத்துல இல்லையேம்மா. ரெண்டுல ஒண்ணுலதான் டிக் போட முடியும்."

அவர் கேலி செய்யவில்லை. படிவத்தைத் திருப்பி, விரலால் தொட்டே காட்டினார். உண்மையிலேயே இரண்டு கட்டம்தான் இருந்தது.

"ஒரு வழி இருக்கு" என்றார் பிறகு. "அந்த ஏழு வருஷத்துல நாங்க எந்த வேலையிலயும் இல்ல, உழைச்சுச் சம்பாதிச்சது எதுவும் இல்ல, தீர்ப்புல கூலின்னு சொன்னது நஷ்டஈட்டை அளக்க ஒரு கணக்குக்காக மட்டும், அப்படின்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க. ஒன்பது பேரும் குடுக்கணும். ஒருத்தர் கூலின்னு சொன்னாலும் மத்தவங்களுதும் கூலியாயிடும், ஒரே தீர்ப்பு பாருங்க. எல்லாரும் குடுத்தீங்கன்னா மொத்தத்தையும் தள்ளுபடி பண்ண நான் எழுதிடுறேன். மேல யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் வேலை செஞ்சேனே சார்" என்றாள் தையல்காரி. சத்தமாகச் சொல்லவில்லை.

"தெரியும்மா" என்றார் அதிகாரி. பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து மறுபடி மூடினார். "தெரிஞ்சுதான் வழி சொல்றேன்."

படியிறங்கும்போது வக்கீலம்மா இன்னொன்றும் சொன்னார். தீர்ப்பை வைத்து அந்த ஏழு வருஷத்தை ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டிருந்தார்கள் அல்லவா, இந்த உறுதிமொழி கொடுத்தால் அதுவும் போய்விடும். வேலையே பார்க்காத வருஷத்துக்கு யார் ஓய்வூதியம் தருவார்கள்? "மேல்முறையீடு பண்ணலாம். மூணு வருஷம், நாலு வருஷம் ஆகும். ஜெயிப்போமான்னு என்னால சொல்ல முடியல. அதுவரைக்கும் வீடுகள முடக்கி வச்சிருவாங்க." அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கையெழுத்துப் போடுன்னு உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. போடாதேன்னு சொல்லவும் தைரியம் இல்ல."

வீட்டில் தம்பிக்கு வாய் வந்தது.

"போட்டுட்டு வர வேண்டியதுதானே அக்கா. ஒரு வார்த்தைதானே? அந்தாளே நல்ல மனுஷனா வழி காட்டுறாரு."

"ஒரு வார்த்தைதான்."

"அப்புறம் என்ன?"

அவள் போகும்போது அவளுடைய இடுப்பு உயரம் இருந்தவன், திரும்பி வந்தபோது மீசையோடு கதவைத் திறந்து, "யார் வேணும்?" என்று கேட்டவன். நடுவில் இருந்த வருஷங்களைப் பற்றி அவனும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு குழி, மண் போட்டு மூடியாகிவிட்டது, மேலே வீடும் கட்டியாகிவிட்டது.

"வேலையே செய்யலன்னு எழுதச் சொல்றாங்கடா" என்றாள்.

"எழுதினா எழுதிட்டுப் போறாங்க. செஞ்சது உனக்குத் தெரியும். நமக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?"

கேட்ட மாத்திரத்தில் ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, "அப்பா போனப்ப நான் தனியா நின்னேன் அக்கா. எனக்கு அது மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனான். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அவன் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார் வக்கீலம்மா. எட்டுப் பேரும் ஒரே அறையில் கூடியது தீர்ப்பு நாளுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. நாற்காலி போதவில்லை, இரண்டு பேர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பெருத்திருந்தாள், ஒருத்தி கர்ப்பமாக இருந்தாள், ஒருத்திக்குக் கண்ணாடி வந்திருந்தது. நலம் விசாரித்தார்கள். ஆனால் பேச்சு இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை. ஒருத்தி முகத்தைப் பார்த்தால் இன்னொருத்திக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

உறுதிமொழியை வக்கீலம்மா வாசித்தார். ஆறு பேர் ஒரு கேள்வியும் கேட்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவதாக வாயாடி போட்டுவிட்டுப் பேனாவைத் தையல்காரியிடம் நீட்டினாள். தையல்காரி வாங்கவில்லை.

"ஏன்டி?"

"யோசிக்கணும்."

"என்ன யோசனை? கூலியாம் கூலி. அந்த வார்த்தைய வச்சு நாக்கு வழிக்கக்கூட முடியாது."

"நாம தைக்கலையா? சொல்லு. தைக்கலையா?"

"தெச்சோம். விரல்ல ஊசி ஏற ஏற தெச்சோம். அதுக்கென்ன இப்ப?"

"அவ கோர்ட்ல என்ன சொன்னா? இது வேலையே இல்ல, பொழுதுபோகத் தெச்சாங்கன்னு சொன்னா. இந்தத் தாளும் அதையேதான் சொல்லுது. அவ சொன்னப்ப பொய். நாம கையெழுத்துப் போட்டா உண்மை."

வாயாடி பேனாவை மேசைமேல் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த விளையாட்டெல்லாம் வடிந்துவிட்டது.

"இங்க பாரு. என் பொண்ணு பத்து வருஷத்துக்கு மேல என் மாமியார் வீட்ல வளந்தா. என்னைப் பாத்து யாருன்னு கேட்டா. சொந்தமா ஒரு வீடு இருந்தாத்தான் குழந்தையைத் தருவேன்னு கோர்ட் சொல்லி, இந்தக் காசுலதான் வீடு வாங்கினேன். இப்பத்தான் நாலு மாசமா என் பக்கத்துல படுக்கிறா. இப்பத்தான் அம்மாங்குறா. வீட்டை முடக்கினா அவங்க அடுத்த நாளே வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. உன் கூலிக்காக நான் அவளை அனுப்பணுமா? சொல்லு, அனுப்பிடுறேன்."

தையல்காரி எழுந்து வெளியே போய் மாடிப்படியின் தலைப்பில் நின்றாள். தன்மேலேயே கோபம் வந்தது, வாயாடிமேல் வந்தது, பிளாஸ்க்கை மூடி மூடித் திறந்த அந்த அதிகாரிமேல் வந்தது. யார்மேலும் நிற்காமல் திரும்பித் திரும்பி வந்தது.

கீழே யாரோ மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டிருந்தார்கள். நான்கு படிக்கு ஒரு தடவை நின்று, சுவரைப் பிடித்து, மறுபடி ஏறினார்கள். சுருட்டையின் அம்மா. கோர்ட்டில் மூன்று வருஷமும் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். தையல்காரி இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சுள்ளி மாதிரி இருந்தது.

"ரெண்டு பஸ் மாறி வந்தேன்மா. நேரமாயிருச்சா? எல்லாரும் போயிட்டாங்களா?"

"இல்லம்மா. மெதுவா வாங்க."

உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டிடு" என்று வக்கீலம்மாவிடம் சொன்னார்.

வக்கீலம்மா வாசித்தார். மகளுக்காகத் தாய் கொடுப்பது என்பதால் அவர் தாளில் வாசகம் கொஞ்சம் மாறியிருந்தது. 'என் மகள் மேற்படி காலத்தில் எந்த வேலையிலும் இருக்கவில்லை, உழைத்து ஈட்டியது எதுவும் இல்லை.' அந்த இடத்துக்கு வந்தபோது வக்கீலம்மாவின் குரல் தாழ்ந்தது.

சுருட்டையின் அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடிந்தும் அப்படியே இருந்தார்.

"அப்ப அவ அங்க என்னதான் பண்ணினா?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"அம்மா, இது வரிக்காக மட்டும் எழுதுறது" என்றார் வக்கீலம்மா.

"வரிக்குத்தான். அது புரியுது" என்றார் அவர். "அந்தக் காசுல கூரை மாத்திட்டேன். மீதியை அவ தங்கச்சி கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன். திருப்பிக் கேட்டா எங்கிட்ட என்ன இருக்கு? நான்தான் இருக்கேன்." சுற்றிலும் பார்த்தார். "மை எங்கம்மா?"

வாயாடிதான் மைப்பெட்டியைத் திறந்து வைத்தாள். அவர் கட்டைவிரலை அழுத்தி, தாளில் ஊன்றி, தூக்கினார். சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மை துடைக்க யாரோ கொடுத்த காகிதத்தை வேண்டாமென்று சொல்லி, சேலைத் தலைப்பிலேயே விரலைத் துடைத்துக்கொண்டார்.

தையல்காரி மேசைக்குப் போனாள். பேனாவை எடுத்தாள். இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்ததை யாரோ கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இழுபறி கூட இல்லை. பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். கோர்ட்டில் வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் போட்ட அதே கையெழுத்து. இரண்டும் ஒரு நாள் ஒரே கோப்பில் இருந்தால் யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்களா என்று ஒரு கணம் தோன்றியது. யாரும் பார்க்க மாட்டார்கள்.

இறங்கும்போது வாயாடி அவள் பக்கத்தில் வந்து நடந்தாள். செருப்புக் கடை வாசல் வரை ஒன்றும் பேசவில்லை. அவளை அறிந்த இத்தனை வருஷத்தில் அவ்வளவு தூரம் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான். பிரியும்போது தையல்காரியின் மணிக்கட்டை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு, பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.

ஐந்து மாதத்தில் உத்தரவு வந்தது. அதிகாரி சொன்னபடியே செய்திருந்தார். முழுத் தள்ளுபடி. தம்பி சத்தம் போட்டு வாசித்தான். அவன் மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள். இருவரும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போய்ப் படுக்கையறை ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலைத் துணி வாங்கி வந்தார்கள். அக்காவே தைத்துக் கொடுக்கட்டும் என்றார்கள். அவளும் தைத்துக் கொடுத்தாள். அதே வாரத்தில் இன்னொரு கடிதமும் வந்தது, அரைப் பக்கம். ஏழாண்டுகளை ஓய்வூதியத்துக்குச் சேர்க்கக் கோரிய மனு, மனுதாரரின் சொந்த உறுதிமொழியின் அடிப்படையில் முடித்து வைக்கப்பட்டது. அதைத் தம்பியிடம் காட்டாமல் மடித்து வைத்தாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு இடைவேளையில், போன் அடித்தது. சுருட்டையின் அம்மா. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி நம்பர் போட்டு வாங்கியிருந்தார்.

"எனக்கும் ரத்தாயிருச்சுன்னு காகிதம் வந்துச்சும்மா. சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"நல்லதும்மா. உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு." எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தபோது மறுபடி பேசினார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. கோர்ட்ல அவ எப்படிச் செத்தான்னுதான் எல்லாரும் பேசினாங்க. மூணு வருஷமும் அதையேதான் கேட்டேன். அவ எப்படித் தெப்பான்னு யாரும் சொல்லல. வீட்ல இருந்தப்ப அவளுக்கு ஊசி கோக்கக்கூடத் தெரியாது. நீ பக்கத்துல இருந்து பாத்தவ. நல்லாத் தெப்பாளா?"

தையல்காரி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

சுருட்டை நன்றாகத் தைப்பவள் இல்லை. மெஷின் ஓட்டுவதில் எல்லோரையும்விட மந்தம். சிவப்புச் சுழி அதிகம் வாங்கியவள் அவள்தான். ஆனால் பித்தான் ஓட்டை காஜா எடுப்பது அவளுக்குக் கைவந்தது. அதைக் கையால் செய்ய வேண்டும், பொறுமை வேண்டும். கடைசி மாதம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பெயரில் மூட்டை குறையக் கூடாதென்று தையல்காரியும் வாயாடியும் ஆளுக்கு இரண்டு மூட்டை கூடுதலாகத் தைத்து, அதில் அவளுடைய ஒன்பதாம் நம்பர் சீட்டைச் சொருகினார்கள். கோர்ட்டில் எண்ணிய சீட்டுகளில் அவையும் இருந்தன. அதை அவர்கள் இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் போவதில்லை.

"காஜா எடுக்குறதுல அவளை அடிச்சுக்க ஆள் இல்லம்மா" என்றாள் தையல்காரி. "நாங்கெல்லாம் அவகிட்டதான் குடுப்போம். சுத்திலும் நூல் ஒண்ணோடொண்ணு ஒட்டி நிக்கும், ஒரு இழை விலகாது. பித்தானைப் போட்டுக் கழட்டி, போட்டுக் கழட்டி, தானே நாலு தடவை சரிபாப்பா. அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவா."

"பொறுமையாவா பண்ணுவா?"

"அவ்வளவு பொறுமை."

"வீட்ல பொறுமையே கிடையாது அவளுக்கு" என்றார் சுருட்டையின் அம்மா. அழுகிறாரா என்று தெரியவில்லை. "இன்னும் சொல்லும்மா. உனக்கு வேலை இருக்கா?"

சாப்பாட்டு இடைவேளை முடிய ஏழெட்டு நிமிஷம்தான் இருந்தது. மேற்பார்வையாளர் அறை வாசலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மேசையில் டப்பா திறக்காமல் இருந்தது, பக்கத்தில் மத்தியானத்துக்கான விரிப்புகள் மடித்து அடுக்கியிருந்தன.

"இல்லம்மா, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, எந்தக் கையில் ஊசி பிடிப்பாள், நூலை எப்படிப் பல்லால் கடித்து அறுப்பாள், எவ்வளவு நேரம் குனிந்தே இருப்பாள் என்று, நேரம் முடியும் வரை தையல்காரி சொல்லிக்கொண்டிருந்தாள்.